எடை குறைந்த பிறகு வரும் முதுகு வலி: உடற்பயிற்சியை விடாமல் சமாளிப்பது எப்படி?

நான் 104 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு வந்தவன். பதினான்கு மாதம் பிடித்தது. குறைந்தது 33 கிலோ. வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூட. இவ்வளவையும் இறக்கி வைத்த பிறகு முதுகு நிம்மதியாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு நாள் காலை, குளியலறையில் காலி வாளியை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கட்டில் வரை வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது.

முந்தின நாள் ஜிம்மில் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடைக் கம்பியைக் குனிந்து தூக்கி நிமிரும் பயிற்சி) செய்திருந்தேன். "வெயிட் குறைஞ்சாச்சு, இனி பாடியை ஏத்தணும்" என்று பயிற்சியாளர் சொல்ல, 60 கிலோ போட்டுத் தூக்கினேன். 104 கிலோ உடம்பையே சுமந்து நடந்தவனுக்கு 60 கிலோ பெரிதா என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று புரிய இரண்டு மாதமும் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டும் தேவைப்பட்டார்கள். அதிகமாக எடை குறைத்துவிட்டு, இப்போதுதான் உடற்பயிற்சியில் இறங்கி, முதுகு வலியில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதுகுக்கு என்ன ஆனது?

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. பட்டினி கிடந்தோ, அறுவை சிகிச்சை செய்தோ, ஊசி போட்டோ, எப்படிக் குறைத்தாலும் அதில் கால் பங்கு வரை தசை போன்ற கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். பளு தூக்காமல், புரதம் சாப்பிடாமல் வேகமாகக் குறைத்தவர்களுக்கு இழப்பு இன்னும் கூடும். என் கணக்கில் அது ஏழெட்டு கிலோ. முதுகுத்தண்டைச் சுற்றி நின்று பிடித்துக்கொண்டிருந்த தசையும் அதில் சேர்த்தி.

அடுத்தது சமநிலை. முன்னால் தொப்பை தொங்கும்போது உடம்பு விழாமலிருக்க இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்போம். பல வருடம் அப்படி நின்று பழகிய முதுகுக்கு, முன்பாரம் போய்விட்டது என்று ஒரே நாளில் தெரிந்துவிடாது. தொப்பை இருந்த காலத்தில் நான் சரியாகக் குனிந்ததே இல்லை என்று சொல்லலாம். காலை அகட்டி, முதுகை வில்லாக வளைத்துத்தான் தரையில் உள்ளதை எடுப்பேன். எடை போன பிறகும் அதே வழக்கம்தான் இருந்தது.

அப்புறம் மெத்தை போய்விடும். பின்பக்கம் கொழுப்பு கரைந்தால் வால் எலும்பு நேராகத் தரையில் படுகிறது. பாயில் உட்கார்ந்தாலோ, தரையில் படுத்து வயிற்றுப் பயிற்சி செய்தாலோ அந்த முனையில் சுருக்கென்று குத்தும். இதை டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு) வலி என்று பயந்துவிடாதீர்கள். பாய்க்கு மேல் தடிமனான ஒரு விரிப்பும், உட்காரும்போது பின்புறம் வெட்டுள்ள குஷனும் போதும். அதிகமாகக் குறைத்தவர்களுக்கு வயிற்றில் தோல் தொங்கும். நடக்கும்போது அது ஆடி இழுப்பதும் இடுப்புக்குத் தொந்தரவுதான். உயரமான இடுப்புப் பட்டி வைத்த இறுக்கமான உள்ளாடை போட்டுப் பயிற்சி செய்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பயிற்சிக்கு முன், இவற்றைப் பாருங்கள்

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கழிந்தாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழே விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

எடை குறைத்தவர்கள் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. நாமாகக் குறைப்பது வேறு, தானாகக் குறைவது வேறு. சாப்பாட்டைப் பழையபடி கூட்டிய பிறகும் எடை இறங்கிக்கொண்டே போகிறது, மாலையில் உடம்பு சுடுகிறது, இரவில் வியர்க்கிறது, படுத்தாலும் முதுகு வலி தணியவில்லை என்றால் "டயட் வேலை செய்கிறது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். முதுகெலும்பில் வரும் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும்.

வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, வலது தோள்பட்டைப் பக்கம் முதுகில் போய் நிற்கும் வலி, அதுவும் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வந்தால், அது தசைப் பிடிப்பாக இருக்காது. ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நடக்கும்போது ஒரு பக்கப் பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் தரையில் தட்டுகிறதா? அந்தக் காலில் மட்டும் செருப்பு நிற்காமல் கழல்கிறதா? முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைச் சுற்றியிருந்த கொழுப்பு கரைந்துபோன பிறகு, கால் மேல் கால் போட்டோ குத்த வைத்தோ வெகுநேரம் உட்கார்ந்தால் அந்த நரம்பு நசுங்கிவிடும். முதுகில் டிஸ்க் நரம்பை அழுத்தினாலும் இதே அறிகுறி வரலாம். எது என்று நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வாங்கிப் போடவே கூடாது. அந்தச் சிகிச்சைக்குப் பிறகு இந்த மாத்திரைகளால் புண் வரும் ஆபத்து அதிகம். உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் மாத்திரையை மட்டும் எடுங்கள்.

இவை எதுவும் இல்லை, இடுப்பில் ஒரு பிடிப்பும் குடைச்சலும் மட்டும்தான் என்றால் பயப்படத் தேவையில்லை. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கவும் ஓட வேண்டாம். வலியே இல்லாத ஆட்களைப் படம் எடுத்துப் பார்த்ததில், 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. 80 வயதில் அது 84 பேர். "ஜவ்வு விலகிடுச்சு, தேய்மானம்" என்று காகிதத்தில் எழுதி வந்ததைப் பார்த்துப் படுத்த படுக்கையானவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படத்தால் வந்த பயம் அவர்களுக்கு வலியைவிடப் பெரிய முடக்கமாகிவிட்டது.

முதல் இரண்டு வாரம்: நடை மட்டும்

ஜிம்முக்கு விடுப்பு விடுங்கள், ஆனால் படுத்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதற்குப் பதில் காலை, மதியம், இரவு என்று பத்துப் பத்து நிமிடம் நடங்கள். கையை வீசி, கொஞ்சம் வேகமாக. ஆடி அசைந்து கடைத்தெருவில் நடப்பது இடுப்புக்கு இன்னும் கடுப்புதான். கடற்கரை மணலில் நடப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்; கால் புதையப் புதைய இடுப்பு கூடுதலாக உழைக்கும்.

நடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று நானும் கேட்டேன். ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிட நடை என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது. நடைப் பயிற்சி தரப்படாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளில் வந்துவிட்டது. செலவு ஒரு ஜோடி ஷூ.

வலி அதிகமாக இருக்கும் நாட்களில், தரையில் மல்லாந்து படுத்து, முட்டி மடங்கும்படி இரு கால்களையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டுப் பத்து நிமிடம் இருங்கள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை, சூடு தோலைச் சுடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால், கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று ஊரில் யாரையாவது அழைத்து வருவார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். இருந்தாலும் அந்த அன்பை மறுத்துவிடுங்கள். எலும்பின் அடர்த்தியும் எடையோடு சேர்ந்து குறைந்திருக்கலாம். அதன் மேல் ஒருவர் ஏறி நிற்கக் கூடாது.

குனியக் கற்றுக்கொள்வது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் இதை ஹிப் ஹிஞ்ச் என்பார்கள். முதுகை மடக்காமல் இடுப்பு மூட்டில் மடங்குவது.

வீடு துடைக்கும் மாப் கம்பை எடுங்கள். முதுகுக்குப் பின்னால் செங்குத்தாகப் பிடியுங்கள்: ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே, புட்டத்துக்குச் சற்று மேலே உள்ள எலும்பு. சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்துங்கள். இப்போது புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூடுவோமே, அதே அசைவு. உடம்பு தானாக முன்னால் சாயும். கம்பு மூன்று இடத்திலும் தொட்டபடியே இருக்க வேண்டும்.

முதல் நாள் என் பின்மண்டை கம்பிலிருந்து விலகிக்கொண்டே இருந்தது. இரண்டாவது நாள் மண்டை ஒட்டியது, கீழே உள்ள எலும்பு விலகியது. ஆறாவது நாள்தான், தொடையின் பின்பக்கம் கயிறு இழுத்துக் கட்டியது போல ஓர் இழுப்பு தெரிந்தது. முதுகில் ஒன்றுமே தெரியவில்லை. "இதுதான், இந்த இழுப்புதான் வேணும்" என்றார் பிசியோதெரபிஸ்ட். அதுவரை என் தொடையும் புட்டமும் செய்ய வேண்டிய வேலையை முதுகு ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

தினமும் பத்து முறை, இரண்டு வேளை. ஒரு வாரம் கழித்துக் கம்பை வைத்துவிட்டுக் காலி வாளியை அதே அசைவில் எடுங்கள். அடுத்த வாரம் பாதிக் குடம் தண்ணீர். அதற்கடுத்து முழுக் குடம். அது 15 லிட்டர் என்றால் 15 கிலோ. முழுக் குடத்தைப் பத்து முறை வலியில்லாமல் தூக்கி வைக்க முடிகிற நாளில்தான் ஜிம்மின் இரும்புக் கம்பியைத் தொடும் தகுதி வருகிறது.

மூன்று பயிற்சிகள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் முதுகுத்தண்டின் இயக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளை உலகம் முழுவதும் பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து இவற்றை ஆரம்பிக்கலாம்.

முதலாவது கர்ல்-அப். மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மடக்கி, மற்றக் காலை நீட்டுங்கள். இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் வளைவுக்குக் கீழே வையுங்கள், அந்த வளைவு தரையில் நசுங்கிவிடக் கூடாது. தலையையும் தோளையும் மட்டும் ஓர் அங்குலம் உயர்த்தி, மூச்சை அடக்காமல் 10 விநாடி நில்லுங்கள். எழுந்து உட்காரும் சிட்-அப் இதுவல்ல. சிட்-அப்பில் டிஸ்க்குகள் நசுங்கும். தொப்பையின் மிச்சத்தைக் கரைக்க அதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள், அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் மேடு போலப் புடைத்து வந்தால், வயிற்றுத் தசை இரண்டாகப் பிரிந்திருக்கலாம். பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, பெரிய தொப்பை இருந்த ஆண்களுக்கும் வரும். அப்படிப் புடைத்தால் இதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் செய்து, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

இரண்டாவது சைட் பிளாங்க். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, முட்டிகளை மடக்கிய நிலையிலேயே இடுப்பைத் தூக்குங்கள். காலை நீட்டிச் செய்வது பிற்பாடு. மூன்றாவது பேர்ட்-டாக். தவழும் நிலையில் நின்று வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டுங்கள், பிறகு மாற்றுங்கள். இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்; அது சிந்தக் கூடாது.

ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 10 விநாடி வீதம் 6 முறை, சற்று ஓய்வு, பிறகு 4, பிறகு 2. முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். மொத்தம் கால் மணி நேரம்.

ஜிம்முக்குத் திரும்பும்போது

ஐந்தாறு வாரம் கழித்து, முன்பு தூக்கியதில் பாதிக்கும் குறைவாக ஆரம்பியுங்கள். என் 60 கிலோ டெட்லிஃப்ட் 20 கிலோவில் மறுபடி தொடங்கியது. கம்பியைத் தரையில் வைக்காமல் முட்டி உயரத்துக்குப் பலகை போட்டு அதன் மேல் வைத்தேன். வாரத்துக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் ஏற்றவில்லை. லெக் பிரஸ் (சீட்டில் சாய்ந்து காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்யும்போது முட்டி நெஞ்சுக்கு வர வர இடுப்பு சீட்டிலிருந்து சுருண்டு எழும். அதற்கு முன்பே நிறுத்துங்கள். கயிறு தாண்டுவது, குதிப்பது இப்போது வேண்டாம்.

சூரிய நமஸ்காரம் செய்பவர்கள் கை தரையைத் தொட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முட்டியை மடக்கியோ, கையை நாற்காலியில் ஊன்றியோ செய்யலாம். பெல்ட் கட்டலாமா என்று கேட்பீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இடுப்புப் பட்டைகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது.

பயிற்சியின் நடுவே வலித்தால் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை தொடரலாம். நான்கு, ஐந்து என்றால் எடையையும் மடங்கும் அளவையும் குறைத்துச் செய்து பாருங்கள். அதற்கு மேல் போனால் அன்றைக்கு அந்தப் பயிற்சி முடிந்தது. மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான தேர்வு: முந்தின நாளைவிட மோசம் என்றால் அளவைப் பாதியாக்குங்கள். வலி இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். இடுப்பிலிருந்து புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் நிறுத்துங்கள். காலில் இருந்தது மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால், இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும், தேறுகிறது என்று அர்த்தம்.

வீட்டில் நடப்பது

இரவு முழுக்கப் படுத்திருக்கையில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் முன்னால் குனிந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் மிக அதிகம். நம் வீடுகளில் எழுந்தவுடன் செய்கிற வேலைகளோ வாசல் பெருக்குவது, கோலம் போடுவது, குடம் தூக்குவது! வலி அடங்கும் வரை எழுந்து ஒரு மணி நேரம் கழித்துக் கோலம் போடுங்கள், அல்லது சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. கட்டை விளக்குமாற்றுக்கு நீளமான கைப்பிடி கட்டிக்கொள்ளுங்கள். பயிற்சியையும் எழுந்தவுடன் செய்யாதீர்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அடிப்படை அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். தசையைத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கு 1.2 கிராம் வரை உணவியலாளர்கள் சொல்கிறார்கள்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகு. 70 கிலோ ஆளுக்கு அது 84 கிராம். ஓர் இட்லியில் 2 கிராமை ஒட்டித்தான் இருக்கிறது, ஒரு முட்டையில் 6, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14. ஆக, இட்லியும் சட்னியுமாகக் காலையை முடித்துவிட்டு முதுகு தேறும் என்று காத்திருக்க முடியாது. வைட்டமின் டி, பி12 இரண்டையும் ஒருமுறை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் பிடித்துக்கொண்டால்

பிடிக்கும். எனக்கு அந்த வாளிக்குப் பிறகு இரண்டு முறை பிடித்தது. முதல் நாள் ஒத்தடம், நாற்காலியில் கால், ஒரு மணிக்கு ஒரு முறை எழுந்து வீட்டுக்குள் ஐந்து நிமிட நடை. இரண்டாம் நாள் தெருவில் பத்து நிமிடம். மூன்றாம் நாள் பேர்ட்-டாக், அதுவும் கையை மட்டும் நீட்டி. நான்காம், ஐந்தாம் நாள் மாப் கம்பு. ஒரு வாரம் கழித்து ஜிம், பாதி எடையில். இரண்டு வாரத்தில் குறையத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைத்தீர்கள், எந்த முறையில் குறைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்போதைய உடம்பைப் பார்க்கிற மருத்துவருக்கு அது தானாகத் தெரியாது.